அடியில் வைத்த பொட்டு

அக்டோபர் 10, வியாழன்

காலையிலிருந்து ஸ்டுடியோவை ஒட்டடை அடித்துக் கழுவினேன். நாளைக்கு ஆயுத பூஜை. எரியாத பழைய ஃபிளாஷ், கிழிந்த குடை லைட் என்று ஒன்று விடாமல் துடைத்து வைக்க வேண்டும். விட்டால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. பங்குனியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்கிற வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் அவருக்கு முழு நேர வேலை. பேச்சு திரும்பிவிட்டது. அது மட்டும் திரும்பாமல் இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். பாவி நான், இப்படியெல்லாம் எழுதக் கூடாது.

சாயங்காலம் அவருடைய தங்கை ஆவுடை வந்தாள். மகள் செண்பகத்துக்குக் கல்யாணம், தீபாவளி கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை வைத்தாள். செண்பகம் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே இவர் சொல்லி வருவது, தாய்மாமன் மாலையும் நான்தான், போட்டோவும் நான்தான் என்று. பேச்சிமுத்து அண்ணாச்சி எடுக்காத கல்யாணம் சங்கரன்கோவிலில் கல்யாணமே இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

ஆவுடை நல்ல மனசில்தான் சொன்னாள். "மைனி எடுக்கட்டும்ண்ணே. நீங்க முன்னால உக்காந்து பாருங்க. ஜவுளிக்கடை வீட்டு ஆல்பம் பாத்தேன். மைனி உங்கள விட நல்லால்லா எடுத்திருக்கு."

இவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். வருஷக்கணக்காக அவருக்கு லைட் பிடித்தேன். இப்போது கேமராவைப் பிடிக்கிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பு எரியாது. நல்ல பேர் வேண்டும் என்று எந்தச் சாமியிடமும் நான் வரம் கேட்கவில்லை.

கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சந்தனம் குழைத்தது நான், பொட்டு வைத்தது அவர். நான்தான் வைப்பேன் என்று ஒரே பிடிவாதம். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்டாண்டு, கத்தரிக்கோல் என்று இடது கையால் ஒவ்வொன்றாக வைத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியாகக் கேமரா. அதை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் குனிந்திருந்தார். பொரியும் கடலையும் நமுத்துப் போகிறதே என்று நான் இரண்டு தடவை குரல் கொடுத்தேன்.

கேமராவுக்கு எப்போதும் நெற்றியில்தான் பொட்டு, லென்சுக்கு மேலே அந்த மேட்டில். இந்தத் தடவை அடியில், பேட்டரிக் கதவின் மேல் வைத்திருந்தார். என்ன இது என்றதற்கு, மேலே வைத்தால் கை பட்டு அழியும் என்றார். சரி, அவர் கேமரா, அவர் பொட்டு.

சுண்டலில் உப்புக் குறைவாம்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நாளைக்கு ஒரு வளைகாப்பு இருக்கிறதே என்று கேமராவை எடுத்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. சுவிட்சைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன். ஒரு சிவப்பு வெளிச்சம்கூட இல்லை. பேட்டரியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டேன். சார்ஜரில் வைத்தேன். பச்சை விளக்கு எரிகிறது, அப்படியானால் பேட்டரியில் குறை இல்லை. இன்னொரு பேட்டரி போட்டேன். அதற்கும் மூச்சு இல்லை. கார்டை உருவிப் பார்த்தேன், லென்சைக் கழற்றி மாட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறது.

அவர் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக இந்நேரம், அதை அப்படிப் பிடிக்காதே, இதை இப்படித் திருகாதே என்று நூறு சொல்லியிருப்பார். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 13, ஞாயிறு

வளைகாப்பை ஐசக்கிடம் தள்ளிவிட்டேன். ஐசக் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். இவரிடம் தொழில் பழகியவர், தொழில் போட்டியைத் தாண்டி மரியாதை வைத்திருப்பவர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்ந்தேன். கண் விழித்தபோது பால்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பகலில் தூங்கி எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஐசக் வந்தார். அவருடைய பேட்டரியைப் போட்டுப் பார்த்தார், ஊதுகிற பம்பால் ஊதிப் பார்த்தார், அழிரப்பரால் பித்தளைப் புள்ளிகளைத் தேய்த்தார். பேட்டரிக் கதவைத் திறக்கும்போது மட்டும் நகத்தின் நுனியால் ஓரத்தைத்தான் தொட்டார். பொட்டு உதிர்ந்துவிடக் கூடாதாம். "நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க மைனி. உங்க சாமி பொட்ட நான் அழிச்சதா இருக்கக் கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெகிழ்ச்சியாகவும் இருந்தது. அவர் மட்டும் இல்லை, இங்கே யாரும் தொட மாட்டார்கள். பூஜையில் வைத்த பொட்டு தானாகத்தான் உதிர வேண்டும். எங்கள் தெருவில் மாவு மில்லும் ஆட்டோவும் கார்த்திகை வரைக்கும் பொட்டோடுதான் ஓடும்.

உள்ளே போர்டு போயிருக்கும் என்றுவிட்டார் ஐசக். செண்பகம் கல்யாணத்தன்று அவருடைய கேமரா இரண்டும் வேறு கல்யாணத்துக்குப் போகின்றன, வேண்டுமானால் ராஜபாளையத்தில் ஒன்று வாடகைக்குப் பிடித்துத் தருகிறேன் என்றார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவல் கேமராவிலா என் மருமகள் கல்யாணம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. துவைத்தது எதுவும் காயவில்லை.

அக்டோபர் 16, புதன்

அவரைக் குளிப்பாட்டி, வலது கைக்கு எண்ணெய் தேய்த்து நீவி விட்டு, கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தேன். அப்புறம் மேசையைத் துடைக்கும்போது கேமராவையும் எடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்துப் பேட்டரிக் கதவைத் திறந்து பார்த்தேன். சந்தன வாசனை இன்னும் இருக்கிறது, பொட்டில் மட்டும் இல்லை, உள்ளேயிருந்தும் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன். கண்ணாடி போட்டிருந்தால் என்னவென்று தெரிந்திருக்குமோ என்னவோ. கண்ணாடி பக்கத்தில்தான் இருந்தது.

மத்தியானம் தூங்கினேன்.

அக்டோபர் 19, சனி

ஒரு சடங்கு வீட்டுக்காரர் வந்தார். கேமரா ரிப்பேர் என்றேன். ஒரு காதுகுத்துக்காரர் போனில் கேட்டார். அவரிடமும் கேமரா ரிப்பேர் என்றேன். இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வருகிற வார்த்தை உலகத்தில் வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார், அது முன்பணம் வாங்கும்போது தெரியவில்லையா என்பார்கள். கேமராவுக்கு உடம்பு சரியில்லை என்றால், ஐயோ பாவம் என்கிறார்கள்.

கால் வீக்கம் வடிந்துவிட்டது. மெட்டி கழன்று விழுகிறது.

அவர்தான் இப்போதெல்லாம் கேமராவைப் பற்றியே கேட்கிறார். ஐசக் என்ன சொன்னான், வேறு யாரிடமாவது காட்டலாமா, சரியாகாதா. பார்ப்போம் என்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஐசக் திருநெல்வேலிக்கு ஒரு வேலையாகப் போனவர் கேமராவையும் கொண்டுபோனார். அங்கே கடைக்காரர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும், வர ஒரு மாதம் ஆகும் என்றாராம். ஐசக் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பொட்டு அப்படியே இருக்கிறது.

சாயங்காலம் ஆவுடை போன் செய்தாள். ராஜபாளையத்தில் ஒரு கோஷ்டி இருக்கிறதாம், மேலே பறக்கிற கேமரா எல்லாம் வைத்திருக்கிறார்களாம். தீபாவளிக்குள் நம் கேமரா சரியாகவில்லை என்றால் அவர்களைப் பேசிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை. மகள் கல்யாணத்தை ரிப்பேர் கேமராவை நம்பி யாராவது நடத்துவார்களா? போனைப் பக்கத்தில் சத்தமாக வைத்திருந்ததால் அவரும் கேட்டார்.

அவர் சாப்பிடவில்லை. தட்டில் சோற்றை இடது கையால் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

கடைக்குப் போய்த் திரும்பியவள் ஸ்டுடியோ வாசலில் நின்றேன். அவர் கேமராவை மடியில் கவிழ்த்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையில் ஒரு குண்டூசியோடு போராடிக்கொண்டிருந்தார். ஊசி வழுக்கிவிட்டது. கேமரா உருண்டது. வலது கை அதைப் பிடிக்கப் போக நினைத்து ஒரு விரற்கடைகூட நகரவில்லை. எப்படியோ முட்டியால் அணைத்துப் பிடித்துவிட்டார். பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் அசைந்தது.

நான் ஒன்றும் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய், செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி நடந்து வந்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

தீபாவளிக்கு முறுக்குச் சுட மாவு அரைத்தேன். கேமராவைத் தொடவில்லை. யார் முதலில் பேசுவது என்று வீடே காத்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 26, சனி

அவர்தான் பேசினார். காலைப் பலகாரம் முடிந்து, ரசத்துக்குப் புளி கரைத்து அடுப்பில் வைத்திருந்தேன். அடுப்படிக்குச் சுவரைப் பிடித்து நடந்தே வந்துவிட்டார். அங்கே வந்து எத்தனை மாதம் ஆயிற்று.

"ஏளா வடிவு. அந்தச் சந்தனத்த நான் வேணும்னுதான் உள்ள வச்சேன்."

"தெரியும்."

"எப்பருந்து?"

புளி கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் அவரே சொன்னார். மேடையில் எல்லார் முன்னாலும் நீ எடுக்க, நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு முடியாது, அதைவிட யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று அன்றைக்குப் புத்தி போய்விட்டது என்றார். அழவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் கண்ணில் புகை அடித்தது.

"யாரும் எடுக்க வேண்டாம்னு நெனச்சியளே, செண்பகம் என்ன பாவம் பண்ணுனா?" என்று கேட்டேன். வேறு எவ்வளவோ கேட்டிருக்கலாம். நான் என்ன பாவம் பண்ணினேன் என்று கேட்டிருக்கலாம். வரவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனோம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். அவருக்கு ஊசி போடும்போது துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டேன். பொட்டைத் துடைப்பதற்கு முன்னால் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். தப்பு அதன் மேல் இல்லை.

பேட்டரிக் கதவின் உள்பக்கம் சின்ன மூக்கு ஒன்று உண்டு. கதவை மூடினால் அது எதிரே இருக்கிற குழிக்குள் போய் ஒரு பொத்தானை அமுக்கும். அமுங்கினால்தான் கதவு மூடியாயிற்று என்று கேமரா நம்பும், விழிக்கும். இல்லையென்றால் என்ன பேட்டரி போட்டாலும் கண் திறக்காது. அந்தக் குழியில் சந்தனம் காய்ந்து, பொத்தான் அசைய வழியில்லாமல் கல்லாகப் பிடித்திருந்தது. தொழில் தெரிந்த கை வைத்த சந்தனம், வேறு எங்கேயும் ஒரு துளி படவில்லை.

கேமரா வழுக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. பிடியுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். கவிழ்த்தபடியே, இடது கையால் பிடியோடு சேர்த்துப் பிடித்துத் தொடையில் ஊன்றிக்கொண்டார். நான் ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெல்லி எடுத்தேன். ஸ்பிரிட்டில் நனைத்து, ஊதி, மறுபடியும் கெல்லி. இடுப்பு விட்டுப்போயிற்று. பொத்தான் டொக்கென்று அசைந்தது. பேட்டரியைப் போட்டுக் கதவை மூடிச் சுவிட்சைத் தள்ளினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நிமிர்ந்து, அப்பாடா என்று நெற்றியைத் துடைத்தேன். அப்போது சடக் என்று சத்தம் கேட்டது.

கேமரா இன்னும் தலைகீழாகத்தான் அவர் இடது கையில் இருந்தது. கவிழ்த்துப் பிடித்தால் வலது பக்கப் பிடி இடது கைக்குள் வந்துவிடுகிறது. போட்டோ எடுக்கிற பொத்தான் தானாகக் கட்டைவிரலுக்கு அடியில் வந்திருக்கிறது. விரல் அதுவாக அமுக்கிவிட்டது. பழகிய விரல் சும்மா இருக்குமா?

அவர் கேமராவை நிமிர்த்தி, பின்னால் இருக்கிற திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என்னவென்று எட்டிப் பார்த்தேன். என் முகம்தான். வாய் பாதி திறந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, முடி எல்லாம் பிசிறி, எங்கள் அம்மா சாகக் கிடந்தபோது இருந்த முகம் மாதிரி.

"ஏளா, நீ இவ்வளவு அசந்து போயா இருக்க?"

"பின்ன?" என்றேன்.

"நான் பாக்கவே இல்லையே."

அவ்வளவுதான் பேசினோம். ரசம் ஆறிப்போயிருந்தது. அப்படியே ஊற்றிச் சாப்பிட்டோம். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

நேற்றும் இன்றும் வீடு முழுக்கச் சடக் சடக். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக்கொண்டு, காக்காய், முறுக்குப் பிழிகிற உழக்கு, கொடியில் கிடக்கிற பாவாடை என்று கண்டதையும் எடுக்கிறார். பாதி ஆடிப்போயிருக்கிறது. கனமான லென்ஸைக் கழற்றி இலேசானதை மாட்டிக் கொடுத்தேன். அதில் முக்கால்வாசி தேறுகிறது. கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் தலைகீழாக நிற்கும். ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடும். மனுஷனுக்கும் அப்படி ஒரு பொத்தான் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஐசக் வந்து பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் உங்ககிட்ட இதையும் பழகணும் போலிருக்கு அண்ணாச்சி" என்றார். என்ன ரிப்பேர் என்று கேட்டதற்கு, கதவில் ஏதோ அடைப்பு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆவுடைக்கு அவரே போன் செய்தார். ராஜபாளையத்துக்காரர்களைப் பேச வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் எடுக்கிறோம் என்றார். நாங்கள் இரண்டு பேரும் என்று சொன்னதை ஒருமுறைக்கு இரண்டு முறை நினைத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முறுக்குக் கருகிவிட்டது, அதையும் எடுத்து வைத்திருக்கிறார் போட்டோவில்.

நவம்பர் 3, ஞாயிறு

செண்பகம் கல்யாணம். கல்யாண மண்டபத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனது எனக்கே புதுசு. வழக்கமாக லைட் வயரில் மாட்டிக் கிழியாத சேலையாகப் பார்த்துத்தான் கட்டுவேன்.

மேடைக்குக் கீழே அவருக்குக் கை வைத்த நாற்காலி போட்டார்கள். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் சிரிப்பு எழுந்தது. பாவம், கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாரே, யாராவது சொல்லுங்களேன் என்று ஒருத்தர் எழுந்தே வந்துவிட்டார். இவர் அந்த ஆளின் முகத்துக்கு நேரே ஒரு போட்டோ எடுத்து, நிமிர்த்தித் திரையைக் காட்டினார். அந்த மனுஷன் தன் மீசையைத் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தது. கேமராவை என்னிடம் நீட்டினார். ஒரு தடவைகூட யோசிக்காமல் நீட்டினார். லைட் பிடிக்க வந்திருந்த ஐசக்கின் தம்பி அவர் கையைப் பிடித்து மேடை ஏற்றினான். இடது கையால் மட்டும் மாலையைத் தூக்க முடியவில்லை, ஒரு பக்கம் தொங்கிவிட்டது. செண்பகம், நல்ல பிள்ளை, யாருக்கும் தெரியாத மாதிரி தலையை நன்றாகக் குனிந்து மாலைக்குள் தானே நுழைத்துக்கொண்டாள். நுழைத்துவிட்டு மாமாவின் விழுந்த கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் அழுதார். நான் எடுத்துவிட்டேன். எனக்கும் கண் மறைத்தது, ஆனாலும் ஆடவில்லை.

தாலி கட்டியதை அவர் எடுத்தார். நான் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் நின்று அட்சதை போட்டேன்.

முடிந்ததும், "போ, மொதப் பந்தியில உக்காரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கல்யாண வீடுகளில் எனக்குக் கிடைப்பதெல்லாம் கடைசிப் பந்தியில் ஆறிய சோறும் அடி ரசமும்தான். இன்றைக்கு வடை சூடாக இருந்தது. வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்தால், எதிரே தலைகீழாகக் கேமரா. கையை நீட்டித் திட்டினேன். அதையும் எடுத்துவிட்டார்.

நவம்பர் 4, திங்கள்

உடம்பெல்லாம் வலி. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக இடது கையால் திருப்பிக்கொண்டிருந்தார். ஆவுடை, செண்பகம், மீசைக்காரர் என்று வரிசையாகத் தலைகீழாக வந்து நேரானார்கள். நடுவில் அன்றைக்கு எடுத்த என் முகமும் வந்தது.

"சீ, அத அழிச்சுருங்க" என்றேன்.

"இருக்கட்டும்ளா. நான் எப்பவாச்சும் மறந்துட்டேன்னா, எடுத்துக் காட்டு" என்றார்.

அழிக்கவில்லை. திருப்பி நேராக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கேமராவுக்குப் பொட்டு நான்தான் வைப்பேன், நெற்றியில் வைப்பேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

கார்த்திகையில் ஒரு காதுகுத்துக்கு ஆள் வந்திருந்தது. அவரே பேசி அனுப்பினார். மத்தியானம் அவர் ஸ்டுடியோவில் இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினேன்.